அந்தோனியார் பாதத்தில் இரண்டு சீட்டு

அக்டோபர் 1, செவ்வாய்

ஜெபமாலை மாதம் பிறந்துவிட்டது. கிறிஸ்துமஸ் வரை அந்தோனியார் குருசடியை, அந்தச் சின்னக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் முறை எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு. சாவி என்னிடம். பெருக்கினேன், திரி மாற்றினேன், விண்ணப்பப் பெட்டியைத் துடைத்து வைத்தேன். எழுதத் தெரியாத நாலு பேருக்குச் செவ்வாய் நவநாள் ஜெபத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். மீதி எழுத்து ஜெபப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்தது. "பிலோமி எழுதினா அந்தோனியாருக்குக் கண்ணாடி வேண்டாம்" என்பாள் மீன் விற்கிற சலேத் மைனி, எனக்கு அண்ணி மாதிரி.

மெழுகுதிரி 40, சாளை 100, வெங்காயம் 35. சாளை ருசியில்லை.

கடற்கரைக் கோப்பைக் கால்பந்துக்கு ஆள் எடுக்கும் நாள் 17ஆம் தேதி என்று கிளப்பில் எழுதிப் போட்டுவிட்டார்கள். இனி என் சமையல்கட்டில் அமைதி இல்லை. ஜன்னலுக்கு நேரே வர்கீஸ் டீக்கடை, அதைத் தாண்டி மைதானம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பந்தாட்டத்தை இந்த ஜன்னல் வழியேதான் படித்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

கோப்பைக்கு ஆடும் ஏழு ஊருக்கும் சட்டம் ஒன்றுதான். பழைய ஆட்களில் யாரையும் விடலாம். புதிதாக இரண்டு பேரை எடுக்கலாம். போன வருஷம் கடைசியாக வந்த ஊருக்கு முதல் தெரிவு. அந்தப் பெருமை எங்கள் பாறைமுனைக்கு.

ஒன்று கோல் கீப்பருக்கு என்று பேசி முடிந்துவிட்டது. சண்டையெல்லாம் இடது விங்குக்குத்தான். அங்கே நின்றவன் என் மகன் நிக்சன். கடைசி ஆட்டத்தில் அவன் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலே போய் வர்கீஸின் பால் சட்டியில் விழுந்தது. கிளப் கமிட்டி அவனை அணியிலிருந்து விட்டுவிட்டது.

இன்று கடையில் பக்கத்து ஊர் ரெக்சனை எடுக்கலாமா என்று பேச்சு. ஆட்டோ ரசல் எடுக்கவே கூடாது என்றான். அவனுக்குப் பந்து கிடைத்தால் கல்யாண வீட்டில் சாம்பார் வாளி கிடைத்த மாதிரி எல்லாருக்கும் விளம்பிக்கொண்டே போவான், கோல் விழாது என்றான். கிளீட்டஸ் அண்ணன் வலைக்கடை வைத்திருக்கிறவர். விங்கில் ஓடுகிறவன் விளம்பத்தான் வேண்டும், உன்னை மாதிரி தனியாகத் தின்னக் கூடாது என்றார். கடையே சிரித்தது. என் பெயரோ நிக்சன் பெயரோ வராதவரை நானும் சிரித்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ரெக்சனுக்குப் போலீஸ் டீமில் வேலை கிடைத்துவிட்டதாம். பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டான்.

இப்போது இரண்டே பெயர். ஒன்று நிக்சன், விட்டவனையே திரும்ப எடுப்பது. இன்னொன்று சலேத் மைனியின் மகன் பிஜோ. கடப்புறத்து மணலில் வெறுங்காலோடு ஆடுகிறவன். ஒரு போட்டியிலும் பூட்ஸ் போட்டு இறங்கியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அவன் முகமே தெரியாது.

சாப்பிடும்போது நிக்சன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஊர் எடுக்கவில்லை என்றால் இந்த வருஷத்தோடு பந்தை விட்டுவிடுவானாம். தாசன் சித்தப்பாவின் தங்கல் படகில் ஒரு ஆள் குறைகிறதாம். 21ஆம் தேதி கிளம்புகிறார்கள். ஒரு முறை போனால் மூன்று நாலு வாரம் கடலிலேயே.

இவர், என் வீட்டுக்காரர், தட்டை நீட்டினார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

நான் சட்டியைக் கழுவினேன். கழுவின சட்டியைத் திரும்பவும் கழுவியிருக்கிறேன்.

அக்டோபர் 7, திங்கள்

தம்பி சிறில் பெயரில் மாதத் திருப்பலிக்குக் கொடுத்தேன். தங்கல் படகில் போனவன். ஏழு வருஷம் ஆகிறது. படகும் வரவில்லை, பலகையும் வரவில்லை.

ஜெபமாலையில் மூன்றாம் காரணிக்கத்துப் பத்து மணிகளில் எண்ணிக்கை விட்டுப்போனது. முதலிலிருந்து தொடங்கினேன். திரும்பவும் விட்டது.

அக்டோபர் 9, புதன்

மீன் ஏலத்துக்குப் போனபோது கடப்புறத்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிஜோவும் இருந்தான். நான் நின்று பார்க்கவில்லை. போகிற வழியில் கண்ணில் பட்டது.

பந்து வருவதற்கு முன்பே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவன் உடம்பு முடிவு செய்துவிடுகிறது. நனைந்த மணல் எங்கே, உதிர் மணல் எங்கே என்று காலுக்குத் தெரிகிறது. எதிராளியை உதிர் மணலுக்கு இழுத்துவிட்டு இவன் நனைந்த ஓரத்தில் ஓடுகிறான். மூன்று முறை அப்படிச் செய்தான். நாலாவது முறை எதிராளி அதற்குத் தயாராக நிற்க, பந்தை அவன் கால்களுக்கு நடுவே விட்டுவிட்டு நேரே போனான்.

இதெல்லாம் மணலில். மைதானம் வேறு.

அயலை வாங்கினேன், 150. ஐஸ் வைத்தது.

அக்டோபர் 10, வியாழன்

டீக்கடையில் இன்று ரசலுக்கும் கிளீட்டஸ் அண்ணனுக்கும் அடிதடி ஒன்றுதான் பாக்கி.

"விங்குல ஓடுறவன் வேணும் ஓய், விங்குல நின்னு தலை சீவுறவன் வேண்டாம்" என்றான் ரசல். என் மகனின் முடியைப் பற்றியாக்கும்.

"மணல்ல ஓடினவன் புல்லுல விழுவான்."

"எங்கன ஓய் புல்லு? நம்ம கிரவுண்டுல ஆடு தின்னு மிச்சம் வச்ச நாலு முடியாக்கும் கிடக்கு."

கிளீட்டஸ் அண்ணன் விடவில்லை. நிக்சன் ஒரு பெனால்டி விட்டான் என்று வருஷம் முழுக்கச் சொல்கிறீர்கள், போன வருஷம் நாம் அடித்த ஒன்றிரண்டு கோலும் அவன் கொடுத்த பந்துகளால்தான் என்றார். அவருக்குச் சாயங்காலம் அவித்த மரச்சீனிக் கிழங்கு கொடுத்துவிட்டேன். வீட்டில் அதிகம் இருந்தது.

அக்டோபர் 12, சனி

கமிட்டி கூடியது. ஏழு பேர். மூன்று கை நிக்சனுக்கு, மூன்று கை பிஜோவுக்கு. ஏழாவது கை இவருடையது.

இவர் தூக்கவில்லை. "என் மவன் பேரு வந்த இடத்துல எனக்குக் கை இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்கிறது. தெருவில் இரண்டு பேர் என்னை நிறுத்திச் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பெத்த பிள்ளைக்கு ஒரு கையைத் தூக்கினா கை ஒடிஞ்சா போவும்?"

"கை ஒடியாது பிலோமி. கமிட்டி ஒடிஞ்சிரும்" என்றார். பிறகு செய்தி கேட்கப் போய்விட்டார்.

ஆக, பங்குச்சாமியார் பழைய வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார். ஊரில் இரு பக்கமும் சரிசமமாக நின்றால் அந்தோனியார் பாதத்தில் சீட்டு வைப்பது. படகுத்துறைச் சண்டை அப்படித்தான் தீர்ந்தது. செவ்வாய் நவநாள் முடிந்ததும் வைக்கிறார்கள்.

அக்டோபர் 14, திங்கள்

கமிட்டித் தலைவர் வந்தார். சீட்டை நான்தான் எழுத வேண்டுமாம். வழக்கமாக எழுதும் கோயில்பிள்ளைக்குக் கண் மங்கிவிட்டது, சாவியும் உன்னிடம், கையெழுத்தும் உன்னுடையதுதான் அழகு என்றார்.

என் மகன் பெயர் இருக்கிறதே, வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

"சீட்டு எழுதுறவங்களா தேர்ந்தெடுக்கியது? புனிதர்லா" என்றார். சலேத் மைனியிடமும் கேட்டாராம். பிலோமி எழுதட்டும், அவளைத் தவிர வேறு யார் என்றாளாம்.

முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகளில் வயதில் சிறிய பிள்ளை ஒரு சீட்டை எடுக்கும். மற்றச் சீட்டைப் பிரிக்கக் கூடாது, விளக்கிலேயே எரித்துவிடுவார்கள். வராத பெயருக்கு அவமானம் வரக்கூடாது என்று பெரியவர்கள் வைத்த வழக்கம்.

இன்று மாவு புளிக்கவில்லை. வீடு முழுக்கத் துடைத்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தை ஒரே அளவாக இரண்டாகக் கிழித்தேன். எழுதினேன். நாலாக மடித்தேன். தட்டில் வைத்துப் புனிதர் பாதத்தில் வைத்தேன்.

நல்ல கூட்டம். ரசலும் கிளீட்டஸ் அண்ணனும் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்கள். சாமியார் ஜெபம் சொன்னார். குழந்தை எடுத்தது. சாமியார் பிரித்து வாசித்தார். நிக்சன்.

மற்றதை நான்தான் விளக்கில் பிடித்தேன். விரல் நுனியில் சுட்டது. வெண்ணெய் தடவியிருக்கிறேன்.

சலேத் மைனி வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். "கோடிப் புதுமை அந்தோனியார் சொல்லிட்டாரு. உன் மவன் நல்லா ஆடட்டு பிள்ளே." அவள் கையில் மீன் வாடையும் ஊதுபத்தி வாடையும் சேர்ந்து அடித்தது.

நிக்சனுக்குப் பாயசம் வைத்தேன். சேமியா 30, பால் 50.

அக்டோபர் 17, வியாழன்

ஏழு ஊர்க்காரர்களும் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடினார்கள். முதல் தெரிவு பாறைமுனை. நிக்சன். மற்ற ஊர்க்காரர்கள் சிரித்திருக்கிறார்கள், விட்ட ஆளையே முதல் தெரிவில் எடுக்கிறார்களே என்று.

இவர் வந்து சொன்னார். பிஜோ பெயர் கடைசிவரை பட்டியலில் கிடந்ததாம். ஒரு ஊர்க்காரர் கேட்டாராம், இவன் எப்படி என்று. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சொன்னாராம்: "சொந்த ஊரே வேண்டாம்னு விட்ட பையனை நமக்கு என்னத்துக்கு?"

இவர் அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு

வயிறு சரியில்லை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

தாசன் படகு கிளம்பியது. குறைந்த ஆளுக்குப் பிஜோ போகிறான். பந்து இல்லை என்றால் வீட்டில் சும்மா இருந்து என்ன செய்ய என்றானாம். பத்தொன்பது வயது. முதல் தங்கல்.

நான் துறைக்குப் போகவில்லை. மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். படகு முனையைத் திரும்பும்வரை துணி இருந்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

சலேத் மைனி விண்ணப்பம் எழுதச் சொல்லி வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன்.

"அந்தோனியாரே, நீரு சொன்னபடி கேட்டுக்கிட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லல. அதனால என் பிள்ளையைக் கடல்ல நீருதான் பார்க்கணும். அவனுக்கு நீச்சல் தெரியும், ஆனா படகுல தலைசுத்து வரும். அதைக் கொஞ்சம் நிறுத்தும்."

அவ்வளவுதான் என்றாள். கீழே அவள் பெயரைப் போட்டேன். பேனா இரண்டு இடத்தில் கசிந்துவிட்டது. வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். புனிதருக்குப் புரியும், இருக்கட்டும் என்றாள்.

அவள் போன பிறகு காபி குடிக்காமல் போய்விட்டாள் என்று தோன்றியது. டம்ளரைப் பார்த்தால் காலியாக இருந்தது. குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

முதல் ஆட்டம். இரண்டு ஒன்று, நமக்கு வெற்றி. இரண்டாவது கோல் நிக்சன். கிளீட்டஸ் அண்ணன் ரசலின் தோளில் ஏறிவிட்டார். "புனிதருக்குத் தெரியாதாலே விங்கு? உனக்கு மட்டுமா தெரியும்?" என்று அவன் தலையில் தட்டினார். ரசலும் ஒத்துக்கொண்டான்.

ஊர் முழுக்க அதே பேச்சு. சீட்டு பொய்க்காது. அந்தோனியார் ஆள் பார்த்துத்தான் எடுத்தார். ஐந்தாறு பெண்கள் குருசடியில் மெழுகுதிரி ஏற்ற வந்தார்கள். நான் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றேன்.

ஜன்னலைச் சாத்திவைத்தேன். புகை வருகிறது.

நற்கருணை வாங்கவில்லை. வெறும் வயிற்றோடு வாங்க வேண்டியது, காலையில் மறந்துபோய் காபி குடித்துவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னே இரண்டு பேர் இருக்கும்போது அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. வந்து பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். எல்லாரும் அவரவர் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, திரி ஏற்றினார்கள். கடலில் போனவர்களுக்குக் கல்லறை கிடையாது. நடுவில் இருக்கிற பொதுச் சிலுவையடியில் ஏற்றுவோம். சிறிலுக்கு ஏற்றினேன்.

காற்று ஒவ்வொரு முறையும் அணைத்தது. பக்கத்தில் நின்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மேற்குக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள், தங்கல் படகுகளைக் கரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சலேத் மைனியும் அங்கே இருந்தாள். அவளுக்கு அந்தச் சிலுவையடியில் யாரும் இல்லை. வெறுமனே வந்து நின்றாள். "இங்கன ஒரு திரி வைக்க வச்சிராதேயும்" என்று சிலுவையைப் பார்த்துச் சொன்னாள்.

எழுதிவிடுகிறேன். இந்தக் கணக்குக்கு வேறு பக்கம் கிடையாது.

முதல் சீட்டில் நிக்சன் என்று எழுதினேன். இரண்டாவது சீட்டை எடுத்தேன். சிறிலின் முகம் வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. என் கைக்கு என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரியும். சுழிகூடக் கோணாமல் எழுதினேன், நிக்சன். எந்தச் சீட்டை எடுத்தாலும் அதுதான் வந்திருக்கும். எரிக்கும்போது யாரும் பிரிக்க மாட்டார்கள் என்றும் தெரியும்.

நான் புனிதரை ஏமாற்றவில்லை. அவரைச் சொல்ல விடாமல் வாயைப் பொத்தினேன்.

நவம்பர் 4, திங்கள்

மழை. பதினோரு படகுக்குச் செய்தி இருக்கிறது. தாசன் படகுக்கு இல்லை. வயர்லெஸ் எடுக்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

நவநாளில் சலேத் மைனிக்கு முழங்காலில் இருக்க முடியவில்லை. நான் தூக்கிப் பிடித்தேன். என் மேல் சாய்ந்துகொண்டாள்.

செய்தி இல்லை.

நவம்பர் 6, புதன்

நிக்சன் இரண்டு நாளாகத் துறையிலேயே நிற்கிறான். மழை என்று ஆட்டமும் இல்லை. ஈரத் துணியோடு வந்து, "அம்மா, அது என் இடம்" என்றான். படகில் இருந்த இடத்தைச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. தோசை வைத்தேன். தொடவில்லை.

அந்தோனியாரே, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று உம்மைச் சொல்கிறோம். பிஜோவைத் தாரும். பதிலுக்கு நான் என்ன தர வேண்டும் என்று எனக்குத் தெரியும். உமக்கும் தெரியும்.

நவம்பர் 8, வெள்ளி

இருக்கிறார்கள். எல்லாரும் இருக்கிறார்கள். எஞ்சின் கெட்டு, காற்று போன பக்கம் ஒதுங்கி, வடக்கே ஒரு துறைமுகத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறார்களாம். தாசனே போனில் பேசினார்.

சலேத் மைனி தெருவில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

கருப்பட்டி 60, பச்சரிசி 50. கொழுக்கட்டை அவித்துப் பத்து வீட்டுக்குக் கொடுத்தேன். ஆவி அடங்கும்போது ஒரு நினைப்பு வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனி எதற்குக் கிளற வேண்டும். அந்த நினைப்பு வந்ததையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

சமன் ஆட்டம். முடிகிற நேரத்தில் நமக்குப் பெனால்டி. ஊரே "நிக்சன், நிக்சன்" என்று கத்தியது. போன வருஷத்துக் கடனைத் தீர்க்க நேரம் வந்தது என்று கிளீட்டஸ் அண்ணன் ஜன்னலடியில் நின்று சத்தமாகச் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்று.

நிக்சன் பந்தை எடுத்தான். புள்ளியில் வைத்தான். மறுபடி எடுத்து, இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தான். பந்தை வாங்கியவன் அடித்தான், கோல், வெற்றி. இருந்தும் எல்லாரும் நிக்சனையே பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தான். இவர் வெளியே போயிருந்தார்.

"அம்மா, ரெண்டு சீட்டுலயும் ஒரே பேருதானா?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரை ஊற்றினேன். ஏன் கேட்கிறாய் என்றேன்.

"நீ நற்கருணை வாங்காம இருந்து நான் பார்த்ததே இல்ல. நாலு ஞாயிறு ஆச்சு. பாவம் மனசுல கிடந்தாத்தான் நீ வாங்க மாட்ட."

களைந்த அரிசியைத் திரும்பவும் களைந்தேன். அதுவே பதில் ஆகிவிட்டது.

கோபப்படுவான் என்று நினைத்தேன். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். "நான் சொன்னா உன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி. நீயே சொல்லணும்மா. அரையிறுதிக்கு முன்ன ஒரு ஆளை மாத்தலாம்னு சட்டம் இருக்கு. பிஜோ கிரவுண்டுக்கு வரட்டு."

"அப்போ நீ?"

"சித்தப்பா படகுல ஒரு ஆள் குறையும்லா."

நவம்பர் 13, புதன்

படகு வந்தது. பிஜோ கறுத்துப் போயிருக்கிறான். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துக் கிடக்கிறது. மைதானத்தைத் தாண்டித்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். பையன்கள் பந்தை அவன் பக்கம் உருட்டிவிட்டார்கள். காலால் தொடாமல், குனிந்து கையால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

எஞ்சின் சரிசெய்ததும் 20ஆம் தேதி திரும்பக் கிளம்புகிறார்கள். அவனும் போகிறான் என்று மைனி சொன்னாள். "இனி அவன் தொழிலு அதுதானே."

நவம்பர் 15, வெள்ளி

மைனி நன்றி விண்ணப்பம் எழுத வந்தாள். காணிக்கைக்கு ஒரு கட்டு ஊதுபத்தி வைத்திருந்தாள்.

"என் பிள்ளையைக் கடல்ல இருந்து தந்தீரு. சீட்டுல நீரு சொன்னதும் சரிதான், கடல்ல நீரு செய்ததும் சரிதான். உமக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல."

இந்தக் கடைசி வரியை இரண்டு முறை சொல்லி எழுத வைத்தாள்.

அவளிடமே சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் ஊதுபத்தியை முகர்ந்து பார்த்து, நல்லதாகத்தான் கொடுத்திருக்கிறான் கடைக்காரன் என்றாள். நானும் முகர்ந்து பார்த்து, ஆமாம், நல்ல வாசனை என்றேன்.

நவம்பர் 16, சனி

வரிசையில் நின்றேன். இந்த முறை அடுப்பு நினைவுக்கு வரவில்லை. சாமியார் சொன்னது எனக்கும் கடவுளுக்கும். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் எந்த மன்னிப்பும் முழுசாகாது.

நவம்பர் 17, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவின பிறகு. முன்னமே சொன்னால் சாப்பிட மாட்டார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் அன்னைக்குக் கையைத் தூக்கியிருந்தா நீ சீட்டு எழுத வேண்டி வந்திருக்காது."

"யாருக்குத் தூக்கியிருப்பிய?"

"பிஜோவுக்கு." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "உனக்கும் அவன்தான்னு தெரியும். ஜன்னல்ல நிக்குறவளுக்குத் தெரியாம இருக்குமா?" என்றார்.

பிறகு ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, தன்னுடைய பழைய கடல் பையை எடுத்தார். தூசி தட்டி வெயிலில் வைத்தார். நிக்சன் வந்து அதைப் பார்த்தான். 

நவம்பர் 18, திங்கள்

சலேத் மைனி வீட்டுக்குப் போனேன். ஊர் கேட்பதற்கு முன்னே அவள் கேட்க வேண்டும். மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். நின்றபடியே, சுற்றி வளைக்காமல்.

கழுவுவதை நிறுத்தவில்லை. பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தினாள், திரும்பவும் கழுவினாள். எனக்குத் தெரியும் அது என்ன என்று.

"நான் உன் தோள்ல சாஞ்சேன் பிள்ளே" என்றாள்.  வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வந்து எழுதினேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கம்தான். யாருக்கும் கண்ணாடி வேண்டாத எழுத்து.

"அந்தோனியாரே, அக்டோபர் 15 அன்று உம் பாதத்தில் வைத்த இரண்டு சீட்டிலும் என் மகன் பெயரையே எழுதினேன். நீர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்தேன். கமிட்டியும் சலேத் மகன் பிஜோவும் ஊரும் மன்னிக்க வேண்டும். பிஜோவை அவன் இடத்தில் இறக்க வேண்டும். இப்படிக்கு, ததேயு மனைவி பிலோமின்."

பெட்டியில் போட்டேன். நாளைக்கு நவநாளில் எல்லா விண்ணப்பத்தையும் போல இதையும் சாமியார் சத்தமாக வாசிப்பார்.

நவம்பர் 19, செவ்வாய்

பெட்டியைத் திறந்து விண்ணப்பங்களைக் கட்டிச் சாமியாரிடம் கொடுப்பது என் வேலை. காலையிலிருந்து மூன்று முறை சாவியை எடுத்துக்கொண்டு குருசடிப் பக்கம் போய்விட்டேன். ஒரு தாளை உருவிவிட்டால் யாருக்குத் தெரியும். மைனி சொல்ல மாட்டாள், அது அவள் வழக்கம் இல்லை. நிக்சன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான்.

நாலாவது முறை குருசடிக்குப் போகவில்லை. அடுத்த வீட்டுத் தெரசாவிடம் போய்ச் சாவியைக் கொடுத்தேன். இன்றைக்கு நீயே பெட்டியைத் திற, நீயே சாமியாரிடம் கொடு என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறேன் என்றேன்.

அங்கிருந்து கடைக்குப் போனேன். கம்பளித் தொப்பி 120. தைலம் 45. தலைசுற்றலுக்கு மாத்திரை ஒரு அட்டை 18. எலுமிச்சை அரைக் கிலோ 40.

தங்கலுக்கு யார் போகிறது என்று கடைக்காரர் கேட்டார்.

நிக்சன் என்றேன்.

என்ன இது, ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆச்சே என்றார்.

"ஆறு மணிக்கு நவநாளுக்கு வாருங்கோ, தெரியும்" என்றேன். மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிவிட்டேன்.

முதல் மணி அடித்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருக்கப் போகிறேன்.